நீ பாதியில் மூடிய புத்தகத்தின் மீதிக் கதை

என் செல்லத் தங்கை பூங்கொடிக்கு, உன் நாற்காலியில் அமர்ந்து உன் அக்கா எழுதுவது.

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. ஆகவே எங்கள் நலத்தைத் தெரிவித்துவிடுகிறேன். கிணத்துக்கடவில் இந்த ஆண்டு ஆடிக்கு முன்பே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. நம் மோட்டார் வைண்டிங் ஷெட்டின் மேற்குச் சன்னலைத் திறந்தால் மேசையில் இருக்கும் கட்டுநூலெல்லாம் பறக்கிறது. மூடினாலோ புழுக்கம். நீ இதற்கு என்ன செய்துகொண்டிருந்தாய்? உன்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டிய செய்தி வேறொன்று. நீ மருத்துவமனையில் படித்துக்கொண்டிருந்த அந்தச் செவிலியின் தன்வரலாற்றை முழுவதும் படித்து முடித்துவிட்டேன்.

கடைசி வாரத்தில் அதனைப் பாதியில் மூடி என் மடியில் வைத்தாய். "கண்ணு எரியுதுக்கா. இந்தம்மாளுக்குக் கடைசீல என்னதான் ஆச்சுன்னு நீ படிச்சுச் சொல்லு" என்றாய். "நீயே எழுந்து உட்கார்ந்து படிப்பாய், பேசாமல் தூங்கு" என்று அதட்டினேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அப்புத்தகம் பீரோவில் உன் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. சென்ற தை மாதம் பீரோவைத் துடைக்கும்போதுதான் வெளியே எடுத்தேன்.

நீ படித்த பகுதி உனக்கு நினைவிருக்கும். வடக்கே ஒரு மலையூர் மருத்துவமனையில் தரை துடைக்கும் பணிக்குச் சேர்ந்த பெண், தானாகவே படித்து, செவிலியாகி, இறுதியில் அங்கேயே தலைமைச் செவிலியாக அமர்கிறார். நீ நிறுத்தியது அவர் அப்பதவியை ஏற்றுக்கொண்ட நாளில். அவருடைய முயற்சியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, ஊர் நூலகத்து அலமாரிகளையே மேல்நிலைப் பள்ளியாகக் கொண்டவள் அல்லவா உன் அக்கா! தமிழாக்கம் செய்தவர் சில இடங்களில் கவனக்குறைவாக இருந்திருக்கிறார். அதனைப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

மீதிக் கதையைச் சொல்வதற்கு முன், நம் ஷெட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. இக்கடிதத்தை நம் தொழில் அறியாத அன்பர்களும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் எழுதுவேன். பொறுத்துக்கொள்.

நீ போனபின் ஷெட்டை நான் ஏற்றேன். அதுவரை பில் எழுதுவதும் மோட்டார் கம்பெனிக்குப் போன் செய்வதுமே என் வேலை. கம்பி சுற்றும் வைண்டிங் மேசைகளின் பக்கம் நான் வந்ததில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டேட்டர் என்பது நீண்ட இரும்புக் குழாய். அதன் இரு முனைகளிலும் இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, உட்புறத்தில் வரிசையாக வெட்டிய காடிகளின் வழியே செம்புக் கம்பியை இவர் தள்ள அவர் இழுக்க, ஒவ்வொரு சுற்றாக மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சுற்றவேண்டும். எண்ணிக்கை பிசகினால் முழுவதையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வளவும் நீ உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள்.

நான் பொறுப்பேற்ற நாள் முதல் ஷெட்டில் ஒழுங்கு நிலவியது என்றே நம்பியிருந்தேன். காலையில் வருவேன். நாற்காலிக்குப் போகும் வழியில், அன்றைய பணி குறித்து மேசை மேசையாக நின்று எடுத்துரைப்பேன். எதைச் சொன்னாலும் "சரிங்க்கா" என்பார்கள். மறுத்து ஒரு சொல் வராது. உன் காலத்தில் இங்கே எந்நேரமும் வாக்குவாதமும் சிரிப்புமாக இருக்குமே, அதனை நான் சீர்திருத்திவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மாசியில் கம்பெனி மேனேஜர் வந்தார். கோடைக்கு முன் போர்வெல் மோட்டார் தேவை கூடுகிறது, இப்போது தரும் ஸ்டேட்டர்களைப் போல் இருமடங்கு தருகிறேன், சித்திரை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமையும் ஷெட் ஓடவேண்டும் என்றார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்கம்மா, வேற ஷெட்டு பாத்துக்கறேன்" என்று எழுந்துகொண்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அமர்த்திவிட்டு, மேசைகளுக்குச் சென்று விஷயத்தை விளக்கினேன். எல்லா மேசையிலிருந்தும் "சரிங்க்கா." அவரிடம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரமே முகங்கள் மாறின. மரகதத்தை நினைவிருக்கிறதல்லவா, செல்வியோடு எப்போதும் ஒரே ஸ்டேட்டரில் அமர்வாளே, அவள் இரண்டு நாள் வரவில்லை. செல்வியோ என்னைக் கண்டால் குனிந்துகொண்டாள். பிறகு டீ கொண்டுவரும் அம்மாள்தான் போகிறபோக்கில் சொன்னார்: "பல்லடம் பக்கமிருந்து ஒரு கம்பெனி வேன் ஊட்டு வாசலுக்கே வருதாமுங்க. உங்க புள்ளைங்க ஏழெட்டுப் பேரு அங்க வேலைக்குக் கேட்டு வச்சிருக்காங்களாமா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது, கண்ணு. எனக்கு எதுவுமே தெரியாது. அன்று மாலை ஆள் இல்லாத மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஒவ்வொருத்தியாக அழைத்து வந்து, கம்பியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இருபது ஆண்டுகளில் சேர்த்த கூட்டம் இது. அதனை இரண்டே ஆண்டுகளில் நான் கலைத்துவிடப் போகிறேனா? ஞாயிறு வேலையை மறுத்தால் கம்பெனி போய்விடும். மறுக்காவிட்டால் பெண்கள் போய்விடுவார்கள். எது போனாலும் ஷெட் போனதுதான்.

அந்த நாள்களில்தான் நீ நிறுத்திய பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

தலைமைச் செவிலி ஆனதும் அந்த அம்மையாருக்கு நேர்ந்ததும் இதுவே. வார்டில் எல்லாம் நலம் என்றே செவிலியர் அனைவரும் சொல்கிறார்கள். ஆனால் நோயாளிகளின் முகம் வேறு சொல்கிறது. அவர் யாரையும் அறைக்கு அழைத்து விசாரிக்கவில்லை. செவிலியர் மாலையில் வட்டமாக அமர்ந்து கட்டுத்துணி சுருட்டும் நேரத்தில், தாமும் போய் ஒரு துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். கைக்கு வேலை இருந்து, கண்ணுக்குக் கண் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் மனிதர்கள் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறார். பேசும்போது குறுக்கே போகாமல் இருப்பதுதான் தலைமைப் பணியிலேயே கடினமான பகுதியாம்.

நான் இதனைப் படித்தவுடன் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டம் கூட்டினேன்.

"அன்பிற்குரிய சகோதரிகளே, ஞாயிறு பணி குறித்துத் தங்கள் மேலான கருத்துகளைத் தயக்கமின்றி எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றேன். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏனுங்க்கா, டீ வந்துருச்சுங்களா?"

நீ சொல்வாயே, "அக்கா, நீ பேசுனா கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸைப் படிக்கிற மாதிரியே இருக்குது" என்று. அன்று உன் குரல் காதருகே கேட்டது. ஆயினும் நல்ல தமிழில் பேசுவதை நான் விட்டுவிடப் போவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் பிற்பகல் புடவையைச் செருகிக்கொண்டு செல்வியின் மேசைக்குப் போனேன். சுற்றி முடித்த ஸ்டேட்டரின் முனைகளில் கம்பிகள் கொத்தாக வெளியே நிற்கும். அவற்றை நூலால் இறுக்கிக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, "எனக்கும் ஒரு நூல் கொடு" என்றேன்.

செல்வி மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இது கையைக் கிழிக்குமுங்க."

"கிழியட்டும்."

கிழித்தது. நான் போட்ட முடிச்சைச் செல்வி சத்தமில்லாமல் அவிழ்த்து வேறு போட்டாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது, பூங்கொடி, என் வாழ்நாளின் பெரும் சாதனை. பில்லில் ஒரு பிழையைக் கண்டாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுகிறவள் நான்.

முதலில் வாயைத் திறந்தது மரகதம். தலை நிமிரவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வேலைன்னு நீங்க சொன்னீங்களேங்க்கா, அன்னைக்கு நாங்க ஒரு கம்பிக் காயில் சுத்தறதுல பாதியில இருந்தோமுங்க."

"அதனால்?"

செல்விக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க காலைல வந்து பேசறப்ப எல்லாம் நாங்க எண்ணிக்கிட்டிருப்பமுங்க. வாயைத் தொறந்து பேசுனா எண்ணிக்கை போயிரும். 'சரிங்க்கா'ன்னு ஒண்ணு சொல்லிப்போட்டா நீங்க அடுத்த மேசைக்குப் போயிருவீங்க. அதானுங்க."

"இரண்டு வருடமாகவா?"

"ரெண்டு வருசமாத்தானுங்க."

பக்கத்து மேசையில் ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்கிற நம் ஊர் மரியாதையும், கம்பிச் சுற்றின் கணக்கும் சேர்ந்து எனக்கு ஒரு ராஜ்யத்தையே கட்டிக் கொடுத்திருக்கின்றன! நீ எப்போதும் பிற்பகலில், நூல் கட்டும் நேரத்தில்தான் மேசைகளுக்கு வருவாய் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அதனை நீ யோசித்துச் செய்தாயா, இல்லை இயல்பாகவே அப்படி அமைந்ததா?

பிறகு பேச்சு அணை திறந்ததுபோல் வந்தது. ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்கவும், கறி எடுத்து ஆக்கவும், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றவும் கிடைக்கும் நாள். "எங்க மாமியாக்காரி ஆறு நாள் சும்மா இருக்குமுங்க, ஏழாவது நாளும் நான் ஊட்டுல இல்லீன்னா என்ற பொட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுப்போடும்" என்றாள் ஒருத்தி. அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் தயக்கம்.

"சொல்லேண்டி" என்று மரகதத்தை இடித்தாள் செல்வி.

"நீயே சொல்லு. நீதான முன்னால நிக்கறவ."

மாரியம்மன் நோம்பிக்கு வள்ளி கும்மி ஆட்டத்தின் அரங்கேற்றமாம். ஷெட்டுப் பெண்களில் பாதிப்பேர் அதற்குச் சேர்ந்திருக்கிறார்கள். ஞாயிறு மாலைதான் பயிற்சி. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவைகூட எடுத்தாகிவிட்டது.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க புஸ்தகம் படிக்கிறவிய. இதென்ன கூத்துன்னு கேப்பீங்கன்னு..." என்று இழுத்தாள் செல்வி.

எனக்குச் சற்று வலித்தது. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.

சரி, ஞாயிறு வேண்டாம் என்றால் கம்பெனிக்கு என்ன சொல்வது? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டுக்கொண்டார்கள். கம்பெனி வண்டி காலை பத்துக்குமேல்தான் ஸ்டேட்டர்களை இறக்குகிறது, அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கிறோம், முந்தின நாள் மாலையே இறக்கினால் விடிந்ததும் தொடங்கலாம் என்றாள் ஒருத்தி. "விடிஞ்சதும் நீ வருவ. என்ற பையனை ஸ்கூல் பஸ் ஏத்தறது உங்கப்பனா?" என்றாள் இன்னொருத்தி. சண்டையே வந்துவிட்டது. என் முன்னால், என்னைப் பொருட்படுத்தாமல், முதன்முறையாக! நான் நூலைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு அமர்ந்திருந்தேன். முடிவில், வர முடிந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்புவது, மற்றவர்கள் வழக்கமான நேரம் என்று அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஜோடிகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். செல்வியும் மரகதமும் பிரிய வேண்டியதாயிற்று. இருவருக்கும் அதில் மனவருத்தம்தான்.

ஒப்புக்கொண்டதை மாற்றிக் கேட்க நான்தான் கம்பெனிக்குப் போகவேண்டும். புத்தகத்தில் அந்த அம்மையார் மேலதிகாரிகளிடம் செல்லும்போதெல்லாம், யோசனை யாருடையதோ அவரையே உடன் அழைத்துச் சென்று பேசவைப்பார். நான் செல்வியை அழைத்தேன். "அய்யோ, எனக்கு அங்கெல்லாம் பேச வராதுங்க்கா" என்று பின்வாங்கினாள். பேருந்தில் வழிநெடுகப் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே வந்தாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தே பேசினார். "செல்வி சொல்வார்" என்றேன். அவருக்கு எரிச்சல். "ஏனுங்கம்மா, சரின்னு சொல்லிப்போட்டு இப்ப இல்லீங்கறீங்களே?" என்று மறுபடியும் என்னையே கேட்டார். என் நாக்கில் பத்து வாக்கியங்கள் தயாராக நின்றன. விழுங்கிக்கொண்டேன்.

அந்த அமைதியில் செல்வி ஆரம்பித்தாள். "சார், ஞாயித்துக்கிழமை எங்களை உக்கார வச்சீங்கன்னா, கை இங்க இருக்குமுங்க, நெனப்பு ஊட்டுல இருக்குமுங்க. எண்ணிக்கை தப்பும். தப்புன மோட்டாரு வெவசாயம் பண்ற காட்டுக்காரர் போர்வெல்லுக்குள்ள போய் எரிஞ்சு நின்னுச்சுன்னா, அவரு உங்களைத்தானுங்க வைவாரு. எங்களைத் தேடி வரமாட்டாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அது செரி. அப்ப என்ன பண்ணலாம்ங்கறே, அம்மணி?"

முழு வெற்றி என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். வண்டியை மாலையிலேயே அனுப்பச் சம்மதித்தார். ஆனால் இருமடங்கு தரவில்லை. கூடுதலில் பாதியை வேறொரு ஷெட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. எனினும் பல்லடத்து வேனில் யாரும் ஏறவில்லை. கோடை முழுவதும் ஒரு மேசைகூடக் காலியாக இல்லை. அரங்கேற்றத்தன்று முதல் வரிசையில் அமர்ந்து, செல்வி அடிவைத்து ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குப் பயந்தவள் என்று நாம் நினைத்திருந்தோமே, அவள் அந்தத் திடலையே சுழற்றினாள்!

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மையாருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்றார். மறுநாள், எடுக்க மறந்த ஏதோ ஒன்றுக்காக வார்டுக்குப் போகிறார். எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கிறது. அவரவர் வேலையில் இருக்கிறார்கள், அவரை யாரும் தேடவில்லை. அதை அவர் பெருமையோடு எழுதிப் புத்தகத்தை முடிக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? உன்னைத் தகனம் செய்த மறுநாளே, நான் சொல்லாமலே இந்தப் பெண்கள் ஷெட்டைத் திறந்து, நீ பாதியில் விட்டிருந்த ஸ்டேட்டரை முடித்து வைத்திருந்தார்கள். ஒரு நாள்கூட உனக்காக நிற்கவில்லையே, இவர்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று அன்று எண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் அந்தக் கசப்போடுதான் அவர்களிடம் வேலை வாங்கியிருக்கிறேன் போலும்.

சில நாள் கழித்து நூல் கட்டும்போது மரகதத்திடம் கேட்டேவிட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை. "அவிய உசுரோட இருந்தப்பச் சுத்துன கம்பிங்க அது. வேற யாராச்சும் உருவி எறிஞ்சுருவாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க்கா. அழுதுக்கிட்டேதான் சுத்துனோம்" என்றாள்.

நான் இருபது ஆண்டுகள் உன்னோடு ஒரே கூரையின்கீழ் பில் எழுதிக்கொண்டிருந்தேன். நீ கட்டியதன் அளவு எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த மலையூர் அம்மையாருக்கு ஓர் ஆயுளும் ஒரு புத்தகமும் தேவைப்பட்டன. நீ அதில் பாதியைப் படித்துவிட்டு, மீதியை வாழ்ந்துவிட்டே போயிருக்கிறாய்.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடு என்று எண்ணிவிடாதே. குரலை ஒருபோதும் உயர்த்தியதில்லை என்று எழுதியிருக்கிறார். அது என்னால் ஆகாது. கம்பித் துண்டுகளைத் தரையில் போட்டால் இன்றும் கத்தத்தான் செய்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான்: இப்போது அவர்களும் திருப்பிக் கத்துகிறார்கள்.

இறுதியாக ஒரு செய்தி. உன் மகள் யாழினிக்குச் சென்னையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. "பெரியம்மா, ஒரு வாரமாச்சும் வந்து என்கூட இருங்க" என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள். ஷெட்டை யார் பார்ப்பது என்று தட்டிக்கழித்து வந்தேன். சென்ற வாரம் அவள் அழுதுவிட்டாள். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், அம்மணி. ஷெட்டுச் சாவியைச் செல்வியிடம் கொடுத்தபோது, "ஒரு வாரந்தானுங்க்கா, நாங்க என்ன ஷெட்டைத் தூக்கிட்டா போயிருவோம்?" என்றாள்.

உனக்கு இதன்மூலம் வாக்களிக்கிறேன்: அந்த ஒரு வாரமும் ஷெட்டுக்கு நான் போன் செய்யமாட்டேன். உன் மகளுக்குச் சமைத்துப் போட்டு, அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊர் திரும்பி வரும்போது இங்கே யாரும் என்னைத் தேடியிருக்காவிட்டால், அன்று உன் படத்துக்கு முன்னால் அமர்ந்து நெஞ்சு நிறையச் சிரிப்பேன்.

உனக்கு முன்னால் பிறந்தும் உனக்குப் பின்னால் நடந்து வரும்
உன் அக்கா,
ருக்மணி